சொல் விளக்கம்: முன்நழுவல், பின்நழுவல்

கணினித் திரையில் ஓடும் சிமுலேட்டரில் ரேஸ் கார் ஓட்டுகிறவர்கள் ஓயாமல் சொல்லும் இரண்டு சொற்கள் அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர். வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்த அளவுக்கு வண்டி திரும்பாமல் வெளிப்பக்கமாக ஓடினால் அண்டர்ஸ்டீர். ஒடித்ததற்கு மேலேயே திரும்பி, பின்பக்கம் வெளியே அள்ளிக்கொண்டு போனால் ஓவர்ஸ்டீர்.

ஸ்டீர் என்பது ஓடத்தின் சுக்கானோடு உறவுள்ள பழைய ஆங்கிலச் சொல். கப்பலின் வலப்புறத்தை ஸ்டார்போர்டு என்பதிலும் அதே வேர்தான் இருக்கிறது. சுக்கான் துடுப்பு அந்தப் பக்கம் இருந்தது. அண்டர், ஓவர் என்ற முன்னொட்டுகள் ஒட்டி இவை கலைச்சொற்களானது 1930களில், அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளர் மாரிஸ் ஆலி நடத்திய ஆய்வுகளை ஒட்டி. டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே வளைவில் ஒரு சிறு கோணம் விழும். அதுதான் நழுவு கோணம். முன் டயர்களில் அது பின்னதைவிட அதிகமானால் அண்டர்ஸ்டீர், பின் டயர்களில் அதிகமானால் ஓவர்ஸ்டீர்.

இவற்றைக் குறைத்திருப்பம், மிகைத்திருப்பம் என்று தமிழாக்கலாம். பொறியியல் பாடநூலுக்கு அவை போதும். ஓட்டுகிறவருக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. காட்பாடிப் பக்கம் மாணவர்கள் தங்கும் அறைகளில், மேசை விளிம்பில் ஸ்டீரிங்கைத் திருகி மாட்டிக்கொண்டு ஓட்டுகிற பையன்களைப் பாருங்கள். வளைவுக்குள் வேகமாக நுழைந்ததும், "அண்ணா, ஒடிக்கிறேன், திரும்ப மாட்டேங்குதுண்ணா" என்பான். கை இன்னும் ஒடித்துக்கொண்டே இருக்கும். திருப்பம் குறைகிறது என்று காதில் விழுந்தால் கை கூட்டத்தானே செய்யும்? ஆனால் முன் டயர் பிடியின் எல்லையைத் தாண்டிவிட்டது. மேலும் ஒடித்தால் டயர் தேய்ந்து சூடேறுமே தவிர வண்டி திரும்பாது. அந்த நேரத்தில் கையிலுள்ள ஸ்டீரிங் சட்டென்று லேசாகும். பிடி போகிறது என்று டயர் சொல்லும் சேதி அது. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் எடை முன்னுக்கு வந்து டயர் மறுபடி பிடிக்கும்.

அதனால்தான் அண்டர்ஸ்டீருக்கு முன்நழுவல், ஓவர்ஸ்டீருக்குப் பின்நழுவல் என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். எந்த டயர் பிடியை இழக்கிறது என்று சொல்லிலேயே இருக்கிறது. அமெரிக்கப் பந்தய ஓட்டுநர்களும் முன்னதைத் தள்ளுகிறது என்றும், பின்னதைத் தளர்ந்திருக்கிறது என்றும்தான் சொல்கிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மழையில் வண்டி இறக்குகிறவரும் "வெளியே தள்ளுது", "பின்னாடி அள்ளுது" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

செட்டப் வேலையும், அதாவது காரின் அமைப்புகளைத் திருத்துவதும், இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கும். மெதுவான வளைவில் முன்நழுவல் என்றால் முன் ஆன்ட்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இளக்கலாம், அல்லது பின்னதை இறுக்கலாம். வேகமான வளைவில் மட்டும் வந்தால் காற்றைக் கொண்டு காரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும் முன் இறக்கையின் கோணத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்றின் அழுத்தம் வேகத்தில்தான் பேசும். பிரேக்கோடு வளைவில் நுழையும்போது முன்நழுவல் வந்தால் பிரேக் பங்கீட்டை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசை பிரியும் அளவு) துளி பின்னுக்கு நகர்த்தலாம்; அதிகம் நகர்த்தினால் பின்நழுவல் உறுதி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சிமுலேட்டரில் பின்நழுவல் கூடுதல் கொடுமை. காட்பாடியிலிருந்து சென்னை போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி வரும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நிஜக் கார் ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் விலகுவது இடுப்பில் தெரிந்துவிடும். திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உணர்வு இல்லை. காட்சி சாய்ந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குள் தாமதமாகிவிடுகிறது. வண்டி சுழல்கிற பக்கத்துக்கு எதிராக ஒடிப்பதை எதிரொடிப்பு என்று சொல்லலாம். பின் டயர் பிடித்ததும் அதே வேகத்தில் ஸ்டீரிங்கை நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மறுபக்கம் வீசும். வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்சிலரேட்டரால் வருகிற பின்நழுவலுக்கு, செட்டப்பைத் தொடும் முன் வலது காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஒரே அளவில் நழுவும் நிலைக்கு ஆங்கிலத்தில் நியூட்ரல் ஸ்டீர் என்பார்கள். அதற்குச் சமநழுவல் பொருந்தும். வாக்கியத்தில் இப்படி வரும்: "மூன்றாம் வளைவில் நுழையும்போது முன்நழுவல், வெளியேறும்போது பின்நழுவல், நடுவில் சமநழுவல்."