எது பையன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில் கரு உருவாகி, மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்துவிட்டாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் அந்தப் பெண் கேட்பதில்லை, கூட வந்தவர்கள்தான்.

சொல்ல மாட்டேன். 1994-ல் வந்த சட்டம் வயிற்றில் இருக்கும் சிசு ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுத்தது. 2003-ல் திருத்தியபோது, கருத்தரிப்பதற்கு முன்பே பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதும் குற்றமாகிவிட்டது. முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை. இது வீண் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள்.

பரிசோதனை வேறு எதற்கு? அப்பா, அம்மா இருவருக்குமே தலசீமியா என்ற ரத்த நோயின் மரபணு இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே ஒரு பிள்ளையை மாதாமாதம் ரத்தம் ஏற்றக் கூட்டிப்போய், ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் அது அழுவதைப் பார்த்த தாய், அடுத்தது இப்படிப் பிறக்கக் கூடாது என்று வருகிறாள். ஐந்தாம் நாள் கருவில், பின்னாளில் நஞ்சுக்கொடியாகும் வெளிப்பகுதியிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்த்து, அந்த நோய் இல்லாத கருவைக் கருப்பையில் வைக்கிறோம். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

அப்புறம் கலர், உயரம், மூளை. கருமுட்டை தானம் தேவைப்படும் குடும்பங்கள்கூட "நல்லா சிவப்பா, படிச்ச பொண்ணா கிடைக்குமா" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வெளிநாட்டில் சில கம்பெனிகள் மரபணுவைப் பார்த்துக் கருவுக்கு உயரம், அறிவு என்று மார்க் போட்டுத் தரும் பரிசோதனையை விற்கின்றன. உயரத்தை முடிவு செய்வது ஒரு மரபணு இல்லை, ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள்; அந்த மார்க் கணக்கும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துப் போட்டது, நமக்கு இன்னும் மோசமாகவே பொருந்தும். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், நிறையப் பிள்ளைகள் உள்ள 28 குடும்பங்களை எடுத்து, உயரத்துக்கு அதிக மார்க் வாங்கிய பிள்ளைதான் நிஜமாகவே வீட்டில் உயரமானவரா என்று பார்த்தார்கள். 7 குடும்பங்களில்தான் சரியாக இருந்தது. இதை நம்பி ஒரு நல்ல கருவை ஒதுக்குவதா? அதுவும் முப்பத்தெட்டு வயதில், இரண்டே கரு கையில் இருக்கும்போது! சரி, நாளைக்கே துல்லியமாகக் கணிக்க முடிந்தாலும் நான் கூடாது என்றே சொல்வேன். கறுப்பாகப் பிறப்பது நோய் இல்லை. ஆர்டர் கொடுத்த மாதிரி பிள்ளை வரவில்லையென்றால் பேச்சு கேட்கப்போவதும் அந்தத் தாய்தான்.

எனக்கே பதில் சுலபமாக வராத இடமும் உண்டு. பிறவியிலேயே காது கேளாத ஒரு தம்பதி வந்தார்கள். கேட்கும் குழந்தையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வற்புறுத்தியது அவர்களுடைய பெற்றோர், அந்தப் பெண்ணோ, "எங்கள் வாழ்க்கையில் என்ன குறை?" என்று சைகையில் கேட்டாள். பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்து இருவரிடம் மட்டும் பேசினேன். பரிசோதனை வேண்டாம் என்றார்கள். அவர்கள் முடிவு, மதித்தேன்.

பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடும் முன், எந்த நோய்க்காக, அது நம் குடும்பத்தில் இருக்கிறதா, கருவுக்குச் சேதம் வர வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பையனாகவே வைத்துத் தருகிறோம் என்று யாராவது ஜாடையாகச் சொன்னால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.