இரண்டு கட்டங்களுக்கு நடுவே

ஒரு காமிக்ஸ் பக்கம். முதல் கட்டத்தில் பாட்டி பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த கட்டத்தில் துணியால் அடுப்பைத் துடைக்கிறார். பால் பொங்கியதை யாரும் வரையவே இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டோம்!

கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளைப் பட்டையில்தான் காமிக்ஸின் உயிர் இருக்கிறது. விட்டுப்போனதை நிரப்புவது வாசகரின் மூளை. 1993-இல் காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் இதை விளக்கி ஒரு புத்தகமே போட்டார், அதையும் காமிக்ஸாகவே வரைந்து.

இதில் கண்ணுக்கும் பங்கு உண்டு. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நமக்கு ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். ஆனால் அந்த மங்கலிலும் பக்கம் முழுக்க இருக்கிறது: மேலே நடந்து முடிந்தது, கீழே நடக்கப்போவது. சினிமாவில் போன காட்சி போனதுதான். காமிக்ஸில் காலம் தாளில் விரித்த பாய் மாதிரி கிடக்கிறது.

அதை வைத்து என்ன செய்யலாம் என்று 1955-லேயே அமெரிக்காவில் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் என்ற காமிக்ஸ் ஓவியர் காட்டினார். அவருக்குக் கிடைத்தது 6 பக்கக் கதை. பதிப்பாளரிடம் போராடி 8 பக்கமாக்கி, கட்டங்களை மெல்லிய கீற்றுகளாக வெட்டினார். நாஜி முகாமை நடத்திய ஒருவன் சுரங்க ரயிலின் முன் விழும் சில நொடிகள் அந்தக் கீற்றுகளில் நீண்டுகொண்டே போகின்றன.

அப்புறம் 'மௌஸ்' என்ற காமிக்ஸ் புத்தகம். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் உயிர் தப்பிய தன் அப்பாவின் கதையைச் சொன்னார் ஆர்ட் ஸ்பீகல்மன். 1992-இல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. காமிக்ஸ் சின்னப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று சொல்லிவந்தவர்களுக்கு அதுவே பதிலாக இருந்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதில் வரும் ஒரு பக்கம். கைதிகள் வேலைக்குப் போகும்போது முகாம் வாசலில் வாத்தியக் குழு வாசித்ததாமே என்று மகன் கேட்கிறார். வாத்தியமா, நடந்தது மட்டும்தான் ஞாபகம் என்கிறார் அப்பா. ஆவணங்களில் தெளிவாக இருக்கிறதே என்கிறார் மகன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தில் என்றால் ஒருவர் சொன்னதை முதலிலும் மற்றவர் சொன்னதைப் பிறகும் வைத்தாக வேண்டும். ஸ்பீகல்மன் முதல் படத்தில் வாத்தியக் குழுவை முழுதாக வரைகிறார். பிறகு வரும் படத்தில் அணிவகுத்துப் போகும் கைதிகள் அந்த இடத்தை மறைத்துவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் அவர்கள் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனிகள் மட்டும் தெரிகின்றன.