மேக்னம் ரைஃபிளும் வேட்டைக்காரரின் இடது காதும்

வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து கொண்ட மேக்னம் தோட்டாக்களைப் பற்றி வேட்டைக்காரர்கள் பேச ஆரம்பித்தால், பேச்சு தோளைச் சுற்றியே வரும். துப்பாக்கி எப்படி உதைத்தது, தோள் எத்தனை நாள் கன்றிப்போயிருந்தது, பின்னுதைப்பில் துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் விளிம்பு யாருடைய புருவத்தைப் பிறை வடிவில் கிழித்தது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, அவர்களுடைய காதுகளைப் பற்றித்தான் கவலை. தோளின் கன்றல் சில நாட்களில் ஆறிவிடும். புருவத்துக்குத் தையல் போட்டுவிடலாம். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்துவிட்டால், அவற்றை மீண்டும் முளைக்கவைக்க இன்றுவரை மருந்து கிடையாது.

பெரிய விலங்குகளை நெடுந்தூரத்திலிருந்தும் ஒரே குண்டில் வீழ்த்த வேண்டும், அடிபட்ட விலங்கு வேதனையோடு காட்டுக்குள் ஓடி மறையக்கூடாது என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவையே இந்தத் தோட்டாக்கள். ஆப்பிரிக்காவின் எருமைக்கும் யானைக்கும் புகழ்பெற்ற .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 1912இல் வந்தது (பெயரின் முன்னுள்ள எண், குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்வது). இங்கே மூஸ், எல்க் ஆகிய பெரிய மான்களின் வேட்டையில் அதிகம் காணப்படும் .338 வின்செஸ்டர் மேக்னம் 1958இலும், .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இலும் வந்தன. மேக்னம் அல்லாத பழைய .30-06 தோட்டாவில் ஏறத்தாழ மூன்றரை கிராம் வெடிமருந்து இருக்குமென்றால், .300 மேக்னத்தில் நாலரை கிராமுக்கும் மேல் இருக்கும். .375இன் பின்னுதைப்பு .30-06ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த உதையைத் தாங்குவது கடினம் என்பதால்தான் குழலின் முனையில் மசில் பிரேக் என்ற துளையிட்ட உலோகத் துண்டைப் பலரும் திருகிக்கொள்கிறார்கள்.

தோளுக்கு வர வேண்டிய அடி காதுக்குத் திரும்புவது இந்தத் துண்டினால்தான். குண்டுக்குப் பின்னால் முன்னோக்கிப் பாயும் வாயுவை அது பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பிவிடுகிறது. உதை மூன்றில் ஒரு பங்கோ, சில வேளைகளில் பாதியோகூடக் குறையும். ஆனால் சுடுபவரின் காதை எட்டும் ஒலி ஐந்து முதல் பத்து டெசிபல் வரை கூடிவிடும். ஒலியின் அழுத்தம் இரு மடங்காக ஆறு டெசிபல் போதும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். திடீர் ஒலிக்குத் தொழிலிடங்களில் விதிக்கப்படும் உச்ச வரம்பு 140 டெசிபல். மசில் பிரேக் இல்லாத வேட்டை ரைஃபிளே அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். பிரேக் பூட்டிய மேக்னம் 170ஐ நெருங்கக்கூடும். அந்த அளவில் பாதுகாப்பில்லாத காதுக்கு ஒரே ஒரு வெடிகூட நிரந்தரக் கேடு விளைவிக்கலாம்.

"எனக்கு வெடிச்சத்தமே கேட்கவில்லை, டாக்டர், துப்பாக்கி உதைத்ததும் தெரியவில்லை." எல்க் மானைச் சுட்டுவிட்டு வரும் பலர் என்னிடம் சொல்வது இதுதான், அவர்கள் பொய் சொல்வதுமில்லை. விலங்கைக் குறிபார்க்கும் நொடியில் மனம் முழுவதும் அதன்மேல் குவிந்திருப்பதால், மூளை அந்த ஒலியை உணர்வுக்குக் கொண்டுவருவதில்லை. ஆனால் மூளை பொருட்படுத்தாத ஒலியும் காதுக்குள் முழு வலிமையோடு இறங்கத்தான் செய்கிறது. பேரொலி கேட்டால் நடுச்செவியின் சிறு தசைகள் இறுகி ஓரளவு காக்கும் என்பது உண்மை. எனினும் வெடியின் உச்ச அழுத்தம் அவை இறுகத் தொடங்கும் முன்பே கடந்துபோய்விடுகிறது. பயிற்சித் திடலில் தவறாமல் காதுக்கவசம் அணியும் அதே மனிதர், சருகு மிதிபடும் ஓசையைக் கேட்க வேண்டுமென்பதற்காகக் காட்டில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்.

இவர்களுடைய செவித்திறன் வரைபடத்தைப் பெயர் மறைத்துக் காட்டினாலும் ஓரளவு ஊகித்துவிடலாம். ஒலியின் அதிர்வெண் 2000 ஹெர்ட்ஸ் ஆகும் வரை கோடு சீராக வரும். 4000 ஹெர்ட்ஸ் அருகே சட்டென்று பள்ளத்தில் விழுந்து, 8000இல் சற்று மேலேறும். வலது தோளில் துப்பாக்கி வைப்பவருக்கு இடது காதில் அந்தப் பள்ளம் ஆழமாக இருக்கும், ஏனெனில் இடது காது குழல் முனையை நோக்கியிருக்க, வலது காது தலையின் மறைவில் இருக்கிறது. வேட்டைக்காரர்களின் இடது காதில் இந்தக் குறைவை லண்டன் மருத்துவர் ஜோசப் டாயின்பி 1860இலேயே குறித்திருக்கிறார். இரு காதுகளும் சமமாகக் கேட்காதபோது ஒலி வரும் திசை பிடிபடாது. எல்க் ஆண்மானின் சீழ்க்கை போன்ற கூவல் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை என்பதற்காகவே என்னிடம் வந்தவர்கள் உண்டு. கூடவே இரவில் ஓயாத காதிரைச்சல். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

சுடுபவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்கே ஆபத்து அதிகம். மசில் பிரேக்கின் துளைகள் பக்கவாட்டில் திறந்திருப்பதால், தோளருகே நின்று விலங்கைக் காட்டும் வழிகாட்டியும், அப்பாவோடு வந்த பிள்ளையும் அந்த வாயுவின் பாதையிலேயே நிற்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் அலாஸ்காவிலும் தொழில்முறை வழிகாட்டிகள் பலர் மசில் பிரேக்கை வெறுப்பதற்கு இதுவே காரணம். பயிற்சித் திடலில் பிரேக்கோடு பழகிவிட்டு, வேட்டைக்குப் போகும்போது அதைக் கழற்றிவிடுவது நல்லது; கழற்றியபின் குண்டு விழும் இடம் மாறக்கூடும் என்பதால் மறுபடி குறி சரிபார்க்க வேண்டும். பிரேக் இல்லாமல் ஒரு மேக்னத்தைத் தாங்க முடியவில்லையென்றால் .30-06க்குத் திரும்புவதில் எந்த இழுக்கும் இல்லை. சரியான குண்டோடு, நியாயமான தூரத்தில், மூஸுக்கும் அது போதுமானதே.

நார்வே, ஃபின்லாந்து, நியூஸிலாந்து வேட்டைக்காரர்கள் குழல் முனையில் ஒலிக்குறைப்பான் பொருத்துகிறார்கள். கனடாவில் அதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இங்கே எஞ்சியிருப்பது மின்னணுக் காதுக்கவசம். மெல்லிய ஓசைகளைப் பெருக்கித் தரும் அது, பேரொலி வந்ததும் பெருக்குவதை நிறுத்திவிடுவதால், காட்டில் நாள் முழுவதும் அணிந்திருக்கலாம். காதுக்குள் செருகும் நுரை அடைப்பான் மட்டும் வைத்திருப்பவர், அதை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அடைப்பான் அட்டையில் எழுதியுள்ள பாதுகாப்பைத் தராது.

சுட்டபின் காது அடைத்துக்கொண்டாலோ, இரைச்சல் மறுநாளும் நீடித்தாலோ, வேட்டையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களுக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு சிகிச்சை சிலருக்கு இழந்த செவித்திறனில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. பருவம் முடியட்டும் என்று டிசம்பரில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் காது கேட்கும் கருவியைத்தான் என்னால் பரிந்துரைக்க முடிகிறது.