ஜாக்பாட் மீட்டர் வான் பாயாது

போன் சூதாட்டத்தில் காசை விட்டு என்னிடம் வந்ததில், இந்த மாதம் இது மூன்றாவது குடும்பம். கிளிநொச்சியில் உளவளத்துணை செய்கிற எனக்கு இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வந்த தம்பி ஒரு கொப்பியை மேசையில் விரித்தார். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) போனில் காசு கட்டி விளையாடும் சீட்டாட்டமான வீடியோ போக்கரின் ஜாக்பாட் மீட்டரில், அதாவது ஏறிக்கொண்டே போகும் பெரும்பரிசுக் கணக்கில், தெரியும் தொகையைக் காலையும் இரவும் நீல மையில் குறித்திருக்கிறார். பக்கத்தில் சிவப்பு மையில் தான் போட்ட காசு. கடைசிப் பக்கத்தில், மனைவியின் சங்கிலியை ஈடு வைத்த துண்டு.

"மிஸ், இரணைமடுக் குளம் நிரம்பினால் வான் பாயத்தானே வேணும்? இதுவும் நிரம்பிட்டுது."

இல்லை தம்பி. குளத்துக்குக் கொள்ளளவு இருக்கிறது, அதை மிஞ்சினால் தண்ணீர் வான் வழியே வழியும். இந்த மீட்டருக்கு அப்படி ஒரு கோடும் இல்லை. எல்லோரும் கட்டும் பந்தயத்தில் ஒரு சிறு பங்கு அதில் சேருகிறது, அவ்வளவுதான். அது விழ ரோயல் ஃப்ளஷ் வர வேண்டும், அதாவது ஒரே இனத்தில் 10, ஜாக், குயின், கிங், ஏஸ் ஐந்தும். 52 சீட்டில் ஐந்தை எடுத்தால் 649,740 தடவைக்கு ஒன்று. வேண்டாத சீட்டை மாற்றிப் பிழையில்லாமல் விளையாடினாலும் ஏறக்குறைய 40,000 கைக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. நேற்று விழாதது அதற்குத் தெரியாது. மீட்டர் ஏறினால் பரிசு கூடும், சீட்டு விழும் வாய்ப்பு கூடாது. இதை அந்தக் கொப்பியிலேயே இரண்டு தரம் எழுதிக் காட்டினேன்.

அப்புறம் இந்தப் பத்துக் கை, அதாவது ஒரே தட்டலில் பத்து ஆட்டம். "பத்து மடங்கு வாய்ப்பு" என்கிறார்கள். சரி, பத்து மடங்கு காசும் போகிறதே! ஜாக்பாட்டுக்கு வழக்கமாகக் கைக்கு 5 காசு கட்ட வேண்டும், பத்துக் கைக்கு 50. ஒரு காசு 10 ரூபாய் என்றால் ஒரு தட்டலுக்கு 500 ரூபாய். பிடித்து வைக்கும் சீட்டு பத்துக் கைக்கும் ஒன்றேதான். ரோயல் ஃப்ளஷுக்கு நாலு சீட்டு சேர்ந்து ஒன்று மட்டும் குறைந்தாலும், அந்த ஒன்று விழ ஒவ்வொரு கைக்கும் 47இல் ஒரு வாய்ப்பே. 50 கட்டி 15 திரும்பினாலும் திரை மின்னும், வெற்றிச் சத்தம் வரும். படுத்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கிறது என்று என்னிடம் சொல்லாதவர் குறைவு.

வீட்டாருக்கு: கடனடைக்கும் காசை அவர் கையில் கொடுக்காதீர்கள், ஈட்டுக் கடைக்கு நீங்களே போய்க் கட்டுங்கள். நெல் விற்ற காசு வங்கியில் விழும்போது அட்டை உங்களிடம் இருக்கட்டும். விட்டதைப் பிடிக்க என்று இன்னொரு நுண்கடனுக்குக் கையெழுத்து வைக்கவே வேண்டாம். திட்டியும் நிற்பாட்ட முடியாது. இது குடியைப் போலவே வைத்தியம் தேவைப்படும் அடிமைத்தனம்.

தம்பிமாரே, தயவுசெய்து இதைத் தனியே சுமக்காதீர்கள். சாகலாமா என்று ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தாலும் உடனே மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வாருங்கள். கொப்பி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், சேர்ந்தே கூட்டிப் பார்ப்போம்.