மூப்பு தொட்டிலில் தொடங்குகிறது

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மருத்துவம் முன்னேறிவிட்டது, எல்லோரும் 80, 90 வரை இருக்கிறார்கள், அதனால்தானே உலகம் முழுக்க முதியவர்களின் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது?"

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளை எடுத்து நாலு வரி கணக்குப் போட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு கற்பனைத் தீவு. அங்கே எல்லோருக்கும் ஆயுள் சரியாக 90, ஒரு நாள் முன்னே பின்னே கிடையாது. 30 வயது வரை இளையோர், 60 வரை நடுவயதினர், அதற்கு மேல் முதியோர் என்று மூன்று தலைமுறையாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு தம்பதிக்கும் 4 பிள்ளைகள் என்றால், இரண்டு பேர் இருந்த இடத்துக்கு நான்கு பேர் வருகிறார்கள், அதாவது தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பு. முதியோர் 100 பேர், அவர்கள் பிள்ளைகள் 200, பேரப்பிள்ளைகள் 400. மொத்தம் 700 பேரில் 100 பேர், ஏழில் ஒருவர்தான் முதியவர். சரி, இப்போது தம்பதிக்கு ஒரே பிள்ளை என்று வையுங்கள். முதியோர் அதே 100 பேர், பிள்ளைகள் 50, பேரப்பிள்ளைகள் 25. மொத்தமே 175 பேர்தான், அதில் பாதிக்கு மேல் முதியவர்கள்!

தீவில் யாரும் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. தாத்தா பாட்டிகளின் எண்ணிக்கையில் ஒருவர்கூட ஏறவில்லை. கீழே பிறப்பு சுருங்கியது, அவ்வளவுதான்.

இதை 1950களிலேயே கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மக்கள்தொகை அறிஞர் ஆன்ஸ்லி கோல். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பாதி: மருத்துவம் முதலில் சமூகத்தை இளமையாக்கியது. யோசித்தால் புரிந்துவிடும். சுத்தமான குடிநீரும் தடுப்பூசியும் வந்தபோது யார் அதிகம் பிழைத்தார்கள்? 70 வயதுக்காரர்களா? இல்லை, குழந்தைகள். சாக இருந்த ஒரு குழந்தை பிழைப்பதும், கூடுதலாக ஒரு குழந்தை பிறப்பதும் கணக்கைப் பொறுத்தவரை ஒன்றுதான், இரண்டுமே கூட்டத்தின் அடியில் ஆள் சேர்க்கின்றன, பிழைத்த அந்தக் குழந்தை வளர்ந்து தானும் பிள்ளை பெறும்போது அடித்தளம் இன்னும் அகலமாகிறது. சராசரி ஆயுள் ஏற ஏற சமூகத்தின் சராசரி வயது இறங்குகிறது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் பல நாடுகளில் முதலில் நடந்தது அதுதான். (குழந்தை இறப்பு ஏறக்குறைய நின்றுபோன நாடுகளில் கதை இப்போது மாறிவருகிறது. அங்கே இனிமேல் கூடும் ஆயுள் பெரும்பாலும் முதுமையில்தான் கூடும், ஆகவே வாசகர் சொன்னது அந்த நாடுகளில் மெல்ல மெல்ல உண்மையாகும்.)

பிறப்பு எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு வேகமாக மூப்பு வரும். 65 வயதைக் கடந்தவர்கள் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக பிரான்ஸில் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜப்பானில் 1970 முதல் 1994 வரை, 24 ஆண்டுகள். தென் கொரியாவுக்கு 2000 முதல் 2018 வரை, 18 ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1960இல் 6 பிள்ளைகள், 2023இல் 0.72. ஒரு தலைமுறை தன் அளவுக்கே இன்னொரு தலைமுறையை விட்டுச்செல்ல 2.1 வேண்டும்.

ஜப்பான் என்றதும் 1966ஐச் சொல்லாமல் போக முடியாது. 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டு அது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காப்பிடாரியாக இருப்பாள், புருஷன் உயிரைக் குடிப்பாள் என்று ஒரு நம்பிக்கை. 1965இல் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966இல் பிறந்தது 13.6 லட்சம்! மறு ஆண்டே 19.4 லட்சம். தொழிற்சாலைகளும் அதிவேக ரயிலும் நிறைந்த நாட்டில், படித்த ஜனங்கள், ஒரு பஞ்சாங்கப் பக்கத்துக்குப் பயந்து பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். படிப்பு வந்தால் மூடநம்பிக்கை தானாகப் போய்விடும் என்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த எண்களைத்தான். ஜப்பானின் வயது வரைபடத்தில் (குழந்தைகள் கீழே, முதியவர்கள் மேலே என்று வயதுவாரியாக அடுக்கிய படம்) இன்றும் அந்த ஆண்டு எலி கடித்த மாதிரி ஒரு பள்ளமாகத் தெரியும், ஆண்டுக்கு ஒரு படி அது மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது.

1966இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.58 பிள்ளைகள். 1989இல் எந்தக் குதிரையும் இல்லாமலே அது 1.57க்கு இறங்கியபோதுதான் அரசாங்கம் திடுக்கிட்டது. அதிர்ச்சிக்கே '1.57 அதிர்ச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

இதெல்லாம் ஓய்வூதியத்தில் எங்கே போய் இடிக்கிறது? பல நாடுகளில் அரசு ஓய்வூதியம் உண்டியல் அல்ல. நீங்கள் கட்டும் பணம் உங்கள் பெயரில் பூட்டி வைக்கப்படுவதில்லை, இந்த மாதமே யாரோ ஒரு முதியவருக்குப் போய்விடுகிறது. நாளை உங்களுக்குக் கொடுக்க வேண்டியவர் இன்று தொட்டிலில் இருக்கிறார், அல்லது இல்லை. கொடுப்பவர் குறைந்தால் ஓய்வு வயதை ஏற்றுவது ஒரு வழி. 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் முதுமை ஓய்வூதியம் வந்தபோது தகுதி வயது 70 (65 என்று பலரும் எழுதுகிறார்கள், அது 1916இல் வந்தது). டென்மார்க் ஓய்வு வயதைச் சராசரி ஆயுளோடு கட்டிவிட்டது, 2040இல் அங்கேயும் 70. பிரான்ஸ் 2023இல் 62ஐ 64 ஆக்க முயன்றதற்கே தெருவெல்லாம் போராட்டம்.

'அப்படியானால் பிள்ளை பெற்றால் பணம் கொடுக்கலாமே' என்பது அடுத்த யோசனை. கொடுக்கலாம், குழந்தைக்கு நல்லது. ஆனால் இன்று பிறக்கும் குழந்தை வரி கட்ட இருபது ஆண்டுக்கு மேலாகும், அதுவரை உழைப்பவர் தலையில் முதியவரோடு குழந்தையும் சேர்ந்துகொள்ளும். அதனால் சுமை முதலில் கூடும், அப்புறம்தான் குறையும். ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலைச் சந்திக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும்.

இன்னும் 20 ஆண்டு கழித்து 65 வயதாகப்போகிறவர்களுக்கு இன்றே 45 வயது. ஜாதகமே வேண்டாம், எண்ணிப் பார்த்தால் போதும். அந்த எண்ணும் வேலைக்கு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பிறப்பு இறப்புப் பதிவுக்கும், பணம் ஒதுக்கும்போது மட்டும் அரசாங்கங்கள் கை நடுங்குவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஜப்பானின் அந்தக் குதிரைப் பள்ளத்துக்கு 2026இல் 60 வயது, நெருப்புக் குதிரை ஆண்டும் திரும்பி வந்திருக்கிறது. அங்கே ஓய்வூதிய வயது 65. ஆகவே 2031இல் வரிசையில் புதிதாக வந்து நிற்பவர்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பார்கள். 2032இல் 1967காரர்கள் வந்துவிடுவார்கள்.