ரெடிமேட் கடை பதிலில் ஐஸ் கட்டி எப்படி வந்தது?

போன 19-ஆம் தேதி சாயங்காலம். மறுநாள் 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்பதால், பழைய வண்ணாரப்பேட்டையில் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் என் சின்ன ஆபீஸில் உட்கார இடமில்லை. எம்.சி.ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருப்பவரின் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார். ரிட்டர்னில் முரண் தெரிந்தால் ஜிஎஸ்டி அதிகாரி அனுப்பும் ஏ.எஸ்.எம்.டி-10 நோட்டீஸுக்கான பதில். எடுத்த இன்புட் கிரெடிட்டுக்கும் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) 2பி-யில் (சரக்கு விற்றவர்கள் காட்டிய கணக்கிலிருந்து வரும் பட்டியல்) தெரிவதற்கும் வித்தியாசம், 30 நாளுக்குள் விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். 27 நாள் ஓடிவிட்டது.

"பதிலை ஏஐ கிட்டயே எழுதி வாங்கிட்டேன்க்கா. நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா போதும்."

பார்த்தேன். இங்கிலீஷ் பிரமாதம். மூன்றாவது பத்தியில், கோடையில் ஐஸ் கட்டி கொள்முதல் கூடியதால் இந்த வித்தியாசம் என்று எழுதியிருந்தது. நைட்டியும் சட்டையும் விற்கிற கடையில் ஐஸ் கட்டி! தலைப்பில் இருந்த ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தால் ஆறாவது எழுத்து எஃப். அப்பா தனி உரிமையாளர், அங்கே பி இருக்க வேண்டும். (15 இலக்கத்தில் முதல் 2 மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 பான் எண். பானின் நாலாவது எழுத்து தனிநபரா, பார்ட்னர்ஷிப்பா என்று சொல்லிவிடும். எங்கள் தொழிலில் கண் முதலில் அங்கேதான் போகும்.) அது காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் மாமாவின் பார்ட்னர்ஷிப் எண்.

போனை வாங்கிப் பார்த்தேன். எட்டு மாதமாக ஒரே சாட். கடைக் கணக்கு, மாமா கணக்கு, ஆடித் தள்ளுபடி போஸ்டருக்கு வாசகம், நடுவில் அம்மாவின் சுகர் ரிப்போர்ட். இந்த வருஷம் இப்படி என்னிடம் வந்ததில் இது நாலாவது.

"ஏன் தம்பி, தனித்தனியா வைக்கக் கூடாதா?"

"அதுக்கு நம்மளப் பத்தி எல்லாம் தெரியும்க்கா. புதுசா ஆரம்பிச்சா மறந்துடும்."

இந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாட் நீளமானால் ஏஐ உங்கள் கடையோடு பழகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்தச் சாட்டில் இருப்பதை மறுபடி எதிரில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறது. ஒரே நேரத்தில் அதனால் பார்க்க முடிவதற்கு ஓர் அளவு உண்டு. தாண்டினால் பழையது சுருங்கும், இல்லை விடுபடும். அளவுக்குள்ளேயே இருந்தாலும், அப்பாவின் எண்ணும் மாமாவின் எண்ணும் அதற்கு ஒரே தாளில் எழுதிய இரண்டு எண்கள். "நம்ம கடை" என்று நீங்கள் சொன்னால் எந்தக் கடை என்று ஊகிக்கிறது. ஊகம் தப்பினாலும் குரல் தடுமாறாது. 20 வருஷம் கல்லாவில் உட்கார்ந்த கணக்குப்பிள்ளையா அது? அந்தக் கணக்குப்பிள்ளையிடமே இரண்டு கடைக் கணக்கை ஒரே நோட்டில் எழுதச் சொல்லுவீர்களா?

மெமரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சாட்ஜிபிடி 2025 ஏப்ரலில் இருந்து பழைய சாட்களிலிருந்தும் விஷயத்தை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு கடைக்கு அது வசதி. மூன்று பேர் கணக்கு ஒரே ஆளிடம் இருந்தால் கலப்படத்துக்கு இன்னொரு வழி.

இதற்குத்தானே ப்ராஜெக்ட் என்று தனி அறை வைத்திருக்கிறார்கள்? கிளாட் என்ற ஏஐயில் 2024 ஜூனில் வந்தது, சாட்ஜிபிடியில் அதே வருஷம் டிசம்பரில். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல், தனி அறிவுறுத்தல். ஒரு ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு ப்ராஜெக்ட் திறங்கள். "நோட்டீஸ் பதில்கள்", "ரிட்டர்ன்" என்று வேலைவாரியாகப் பிரிக்காதீர்கள். அங்கேயும் அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். அறிவுறுத்தலில் கடைப் பெயர், எண், என்ன வியாபாரம் என்று எழுதிவிட்டு, "வேறு ஜிஎஸ்டி எண் தென்பட்டால் எழுதாமல் என்னைக் கேள்" என்று ஒரு வரி சேருங்கள். முழுக் காவல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலமுறை தடுத்திருக்கிறது. புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே மெமரி அந்த ப்ராஜெக்ட்டுக்குள் மட்டும் நிற்குமா, வெளியிலும் எட்டிப் பார்க்குமா என்று செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள்.

ஃபைல்களையும் அவ்வப்போது களையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் துணிக்கு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்னால் 1,000 ரூபாய்தான் வரம்பு, மேலே 12. பழைய விகிதப் பட்டியல் உள்ளே கிடந்தால் அதைப் பார்த்துத்தான் பதில் வரும்.

பழைய சாட்டை அப்படியே தூக்கி ப்ராஜெக்ட்டுக்குள் போடாதீர்கள், தயவுசெய்து. வீடு மாறும்போது கரப்பானோடு பீரோவைத் தூக்கிப் போகிற கதைதான். அதில் உறுதியான விவரத்தை மட்டும் எடுத்து, சரிபார்த்து, புதிதாக எழுதுங்கள்.

இன்னொன்று. ப்ராஜெக்ட் பூட்டு அல்ல. கல்லாவில் கிடக்கிற போனில் அதே அக்கவுன்ட் திறந்திருந்தால் கடைப் பையனும் எல்லாவற்றையும் பார்க்கலாம். போர்ட்டல் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் எந்த அறையிலும் வைக்காதீர்கள். உங்கள் பேச்சைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் செட்டிங் வேறு இடத்தில் இருக்கும், அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். நோட்டீஸ் வந்தால் 27-ஆம் நாள் வராதீர்கள், மூன்றாம் நாளே வாருங்கள். திட்ட மாட்டேன்.

அந்தப் பதிலை முதலிலிருந்து எழுதி 29-ஆம் நாள் போட்டோம். தம்பி இப்போது மூன்று ப்ராஜெக்ட் வைத்திருக்கிறார். மூன்றாவதற்குப் பெயர் "அம்மா சுகர்". எட்டு மாத சாட்டை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. மனசு வரவில்லையாம்.