"நெல்லையில் வெள்ளம்" என்றால் எந்தத் தெருவில்?

மழைக்காலத்தில் வெள்ள உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுத்து, எந்த இடம், எத்தனை பேர் என்று பிரித்து, படகோடு நிற்கும் ஆட்களிடம் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. மற்ற மாதங்களில் ஊர் ஊராகப் போய்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "அண்ணாச்சி, எங்க ஏரியா பூரா தண்ணி, சீக்கிரம் வாங்க." எந்த ஏரியா என்று கேட்டால் "ஜங்ஷன் பக்கம்" என்பார்கள், அதாவது திருநெல்வேலி ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதி. ஜங்ஷன் பக்கம் என்றால் மீனாட்சிபுரமும் அதுதான், சிந்துபூந்துறையும் அதுதான், உடையார்பட்டியும் அதுதான். படகு ஓரிடத்துக்குத்தான் போக முடியும். பயத்தில் இருப்பவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

வானிலை அறிவிப்புகளில் "திருநெல்வேலி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதிகனமழை" என்று சொல்வார்கள். ஓரிரு இடம்தானே, நமக்கென்ன என்று பலரும் அதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதிகனமழை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல். அது எந்த ஊரில் கொட்டும் என்று ஊர்ப்பெயரோடு முன்கூட்டியே சொல்வது மிகக் கடினம். அதனால்தான் எச்சரிக்கையை மாவட்ட அளவில் கொடுக்கிறார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. ஒரு சதுர மீட்டர் தரையில் 950 லிட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. நம் மாவட்டத்து மூலைக்கரைப்பட்டியிலும் 60 செ.மீ.யைத் தாண்டியது. காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் 26 செ.மீ. வித்தியாசம், அந்த வித்தியாசம் மட்டுமே ஓர் அதிகனமழை. பக்கத்து ஊர்களுக்குள்ளேயே இப்படி என்றால், மாவட்டம் முழுவதற்கும் ஒரே வாக்கியத்தில் மழையைச் சொல்லிவிட முடியுமா?

ஆனால் நாம் அப்படித்தான் பேசுகிறோம், போனில் பரப்புகிறோம். ஒரு பக்கம், "நெல்லையே மூழ்கிடுச்சு." இதைப் படித்துவிட்டுச் சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் பதறிப்போய், மேட்டுப் பகுதியில் பத்திரமாக இருக்கும் பெற்றோருக்காக எங்களை அழைக்கிறார்கள். உண்மையிலேயே மாடியில் சிக்கியிருப்பவருக்கு லைன் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், "இங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, சும்மா பயமுறுத்துறாங்க." எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை. முதலாவது பதற்றத்தைக் கிளப்பும். இரண்டாவது, கிளம்ப வேண்டியவரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். இத்தனைக்கும் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வாசலில் கண்டதைத்தான் ஊர் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். "மகாராஜ நகர்ல எங்க தெருவுல இப்போ தண்ணி இல்ல" என்று சொன்னால் போதும், அந்தச் செய்தி யாரையும் ஏமாற்றாது.

தாமிரபரணிக் கரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இங்கே மழை பெய்யும் இடம் ஒன்று, வெள்ளம் ஏறும் இடம் வேறு. மாஞ்சோலை, நாலுமுக்கு எஸ்டேட்களில் கொட்டும் மழை மணிமுத்தாறு வழியாக இறங்குகிறது. பொதிகையில் பெய்வது பாபநாசம் அணைக்கு வருகிறது. குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாகச் சீவலப்பேரியில் வந்து சேர்கிறது. நடுவில் கடனாநதி, பச்சையாறு வேறு. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன, ஆறு பிரியவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தூத்துக்குடி மாவட்டச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தன் வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பற்றிப் பாதிதான் தெரியும். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் என்ன பெய்தது, அணைகளில் எவ்வளவு திறந்தார்கள் என்பதும் அவருக்குத் தேவை. எனவே "எங்க தெருவுல மழை விட்டாச்சு" என்பதை ஆபத்து நீங்கிவிட்டதற்கான செய்தியாக யாரும் அனுப்ப வேண்டாம் என்று பயிற்சியில் அழுத்திச் சொல்கிறேன்.

அணையில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று அறிவிப்பு வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கருப்பந்துறையில் இருக்கும் ஓர் அம்மா என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த அளவுகோல் வேறு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. அங்கே எதுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது, உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்பதை வைத்து ஆற்றின் போக்கைச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் தெருவுக்கும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும்: ஒரு படித்துறை, ஒரு வாய்க்கால் பாலம், ஒரு மின்கம்பம். போன வெள்ளத்தில் அதில் எதுவரை ஏறியபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அரசு அறிவிப்போடு அதையும் சேர்த்துப் பாருங்கள். அடையாளத்தை வைத்து அறிவிப்பை ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி, இடம் சொல்வது. எங்கள் பக்கம் வடக்குத் தெரு இல்லாத ஊர் உண்டா? அம்மன் கோயில் தெருவும் அப்படித்தான். மாநகராட்சியில் 55 வார்டுகள். தெருப் பெயரை மட்டும் சொன்னால் எந்த வார்டு என்று தேட வேண்டும். நான் முதலில் கேட்பது, ஆற்றுக்கு ஜங்ஷன் பக்கமா, பாளையங்கோட்டை பக்கமா என்று. இந்த இரு கரைகளையும் இணைக்கும், 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டால், எதிரே தெரியும் வீட்டுக்குக்கூடச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போகுமானால் தாராளமாக அனுப்புங்கள். 2023-இல் பல இடங்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஒரே ஒரு அழைப்பு போய், அதுவும் அரை நிமிடத்தில் அறுந்துபோகலாம். அந்த அரை நிமிடத்தில் சொல்ல வேண்டியது இப்படி இருக்க வேண்டும்: "ஜங்ஷன் பக்கம், சிந்துபூந்துறை, பிள்ளையார் கோயிலுக்கு வடக்கே மூணாவது வீடு, பச்சை கேட். மொட்டை மாடியில ஆறு பேர், ஒரு ஆச்சிக்கு நடக்க முடியாது. தெருவுல இடுப்பளவு தண்ணி. இப்போ காலை ஏழு மணி." இடம் முதலில், ஆட்கள் அடுத்து, தண்ணீரின் அளவும் நேரமும் அப்புறம். பாதியில் அறுந்தாலும் இடம் வந்து சேர்ந்திருக்கும். இப்படிப் பேசுவது நமக்குப் புதிதில்லை. வயல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "கோடகன் கால்வாய்ல ரெண்டாம் மடைக்குக் கீழ, பனைக்கு மேக்கே" என்று துல்லியமாகச் சொல்வார்கள். போனில் செய்தி அனுப்பும்போதுதான் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

நேரத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். காலையில் எழுதிய "பாலத்தில் போகாதீங்க" இரவு வரை சுற்றுகிறது. மதியம் உதவி கிடைத்துவிட்ட குடும்பத்துக்காக மறுநாளும் அழைப்பு வருகிறது. தேதி, மணி இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்ட உதவி வந்துவிட்டால், "வந்துட்டாங்க" என்று அதே குழுவில் போடுங்கள். அடுத்த வீட்டுக்குப் படகு சீக்கிரம் போகும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒரு தெருவுக்கு ஒரு தாள் போதும்: வீடு வீடாக எத்தனை பேர், யாரால் நடக்க முடியாது, யாருக்கு டயாலிசிஸ், யார் நிறைமாதம், எந்த வீட்டு மொட்டை மாடி உயரமானது, தண்ணீர் முதலில் எந்த மூலையிலிருந்து ஏறும். மேலே வார்டு எண், தெருப் பெயர், ஆற்றின் எந்தப் பக்கம் என்பதை எழுதுங்கள். கீழே மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஒரு நகல் மாடி வீட்டுக்காரரிடமும் இன்னொன்று தெரு முனைக் கடையிலும் இருக்கட்டும், நனையாத உறைக்குள்.